தாம்பரத்தில் ஒரு மீட்டர் கறுப்பு

மேற்குத் தாம்பரத்தில் ஆட்டோவை விட்டு இறங்கும்போது ஓட்டுநர் என் மடியிலிருந்த பெட்டியைக் காட்டிக் கேட்டார்: "இன்னா மேடம், இம்மாம் பத்திரமா கட்டிப்புடிச்சுகினு வர்றீங்க? சாமி சிலையா?"

உள்ளே இருந்தது ஏழு கிலோ எஃகு. இரண்டு தகடுகள், அவற்றுக்கு நடுவே தலைமுடி அகலத்துக்கு ஒரு பிளவு, அவ்வளவுதான். "மெஷின் பார்ட்" என்றேன். அவருக்கு ஏமாற்றம். சிலை என்று சொல்லியிருந்தால் மீதிச் சில்லறையாவது ஒழுங்காகக் கொடுத்திருப்பார்.

நான் பினாங்குக்காரி. அங்கே ஒரு சின்ன ஆய்வகத்தில் ஒன்பது வருடமாக ஒரே வேலையைச் செய்துவருகிறேன். பெரோவ்ஸ்கைட் என்ற படிகத்தை மைபோலக் கரைத்து, மெல்லிசாகப் பூசி, காயவைத்து, சூரிய மின்கலம் செய்கிற வேலை. கட்டைவிரல் நகமளவுக் கண்ணாடியில் செய்யச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். ஒரு சொட்டு மை விட்டுக் கண்ணாடியைப் பம்பரமாகச் சுழற்றினால் அது தானாகப் பரவிவிடும்; பெரும்பங்கு மை வெளியே தெறித்து வீணாகும், நகமளவுக்கு அது பரவாயில்லை. கதவளவுத் தகட்டை அப்படிச் சுழற்ற முடியுமா? அதற்குத்தான் மடியிலிருந்த இந்த ஸ்லாட் டை. பிளவின் வழியே மை இறங்க வேண்டும், அடியில் பிளாஸ்டிக் சுருள் ஓட வேண்டும், மேலே காற்று வீசி எல்லாப் படிகமும் ஒரே நேரத்தில் உறைய வேண்டும். எழுதும்போது மூன்று வரிதான். ஒன்பது வருடத்தில் எங்களால் நகத்தை உள்ளங்கை ஆக்க முடியவில்லை.

கிளம்பும் முன் என் மேலாளர் லிம் அறைக்குக் கூப்பிட்டு, ஆங்கிலத்தில், மிகவும் அன்பாகச் சொன்னார்: "சனிக்கிழமைக்குள் உள்ளங்கை அளவில் ஓட்டையில்லாத ஒரு கறுப்புத் துண்டைக் கொண்டு வாருங்கள். மேல் அடுக்குகளை இங்கே பூசிக்கொள்ளலாம். அது வந்தால் தொடர்வோம். வராவிட்டால் உங்கள் ஆய்வக அறையை வேறு வேலைக்குக் கொடுத்துவிடுவார்கள்." அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

முடிச்சூர் சாலையை ஒட்டிய சந்தில் நிஜாம் பாயின் பட்டறை. அட்டைப்பெட்டி ஒட்டும் டேப்பும் ஸ்டிக்கர் தாளும் தயாரிக்கிறார்கள். பூச்சைக் காயவைக்க, எங்களிடம் இல்லாத நீளமான சூட்டுக் குகை அவரிடம் இருந்தது. ஒரு கண்காட்சியில் பழக்கமாகி, ஒரு வாரம் தன் இயந்திரத்தை எங்களுக்கு ஒதுக்கித் தந்திருந்தார். நான் சொன்னபடியே இயந்திரத்தைச் சுற்றிப் பாலித்தீன் கூடாரம் அடித்து, ஈரம் உறிஞ்சும் பெட்டிகள் இரண்டை உள்ளே ஓடவிட்டிருந்தார்கள். இந்தப் படிகத்துக்கு ஈரம்தான் எமன்; பட்டால் கறுப்பு மஞ்சளாகிச் செத்துவிடும்.

"தோசை ஊத்துற மாதிரிதானே தங்கச்சி?" என்றார் பாய், நான் விளக்கியதும்.

உலகத்தில் எந்தத் தமிழருக்கு இதை விளக்கினாலும் மூன்றாவது நிமிடத்தில் தோசை வந்துவிடும். நான் மறுத்துப் பேசுவதை நிறுத்திப் பல வருடமாகிறது. "ஆமாம் பாய், தோசை மாதிரிதான்" என்றேன்.

இயந்திரத்தை ஓட்டுபவர் தேவசகாயம். எல்லாரும் தேவா என்கிறார்கள். நாற்பத்தைந்து வயதிருக்கும். பதினெட்டு வருடமாகப் பசை பூசிப் பூசி, விரலால் தடவியே கனத்தைச் சொல்லிவிடுவார். நான் போன அன்று பட்டறை வாசலின் நிலைக்கு மேலே அண்ணாந்து பார்த்து நின்றேன். இரும்புச் சட்டத்திலும் அதற்கு மேல் சுவரிலும் பழுப்பு, வெள்ளி, சிவப்பு, பளிங்கு என்று வரிசையாகப் பட்டைகள் ஒட்டியிருந்தன.

"புது வேலை வந்துச்சின்னா, மொதல்ல நல்லா வர்ற ஒரு மீட்டர அறுத்து வாசல்ல ஒட்டிடுவோம் மேடம்" என்றார் தேவா. "அதே வேலை ரெண்டாவது தபா வந்தாத்தான் அத்தக் கயட்டுவோம். அதுவரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது."

"வரவே இல்லையென்றால்?"

"அதோ அந்தச் செவப்பு, ஆறு வருசமா கீது." வருத்தமோ வெட்கமோ இல்லாமல் சொன்னார். எனக்கு அந்த வழக்கம் பிடித்திருந்தது. படம்கூட எடுத்துக்கொண்டேன்.

செவ்வாயன்று இரண்டு புட்டி மையைக் கரைத்தேன். மைக்காகக் கொண்டுவந்த இரசாயன உப்பு அவ்வளவுக்குத்தான் வரும். முதல் புட்டியை ஏற்றி ஓட்டினோம். பூச்சு ஈரமாக இருக்கும்வரை அழகாக இருந்தது. காற்று பட்டதும் நூற்றுக்கணக்கான வட்டக் குழிகள் விழுந்தன. வேகத்தைக் குறைத்தேன், குழி. சூட்டைக் கூட்டினேன், குழி. பிளவைக் கழற்றித் துடைத்து மாட்டினேன், அதே குழி. பாதிப் புட்டி போன பிறகு மின்சாரமும் போனது. ஈரம் உறிஞ்சும் பெட்டிகள் நின்றன. வெளியே மழை. பத்து நிமிடத்தில் மீதிப் பாதியும் கெட்டது. ஜெனரேட்டர் போடுவதற்குள் முதல் புட்டியின் கதை முடிந்தது.

நான் ஊரப்பாக்கத்தில் வாடகைக்கு எடுத்த அறையில் தங்கியிருந்தேன். தினமும் மின்சார ரயில். பினாங்கில் ரயிலில் ஒருவர் இன்னொருவரிடம் பேசினால் திரும்பிப் பார்ப்பார்கள். இங்கே பேசாமல் இருந்தால் உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்கிறார்கள். அன்று எதிரில் இருந்த அம்மா என் மணிக்கட்டில் கையுறை பதிந்த தடத்தைப் பார்த்து, "என்னா வேலை, ஆஸ்பத்திரியா?" என்றார். வெயிலிலிருந்து கரண்ட் எடுக்கிற வேலை என்றேன். ஜன்னலுக்கு வெளியே கொட்டுகிற மழையைப் பார்த்துவிட்டு, "இப்ப எடுக்க முடியாதே" என்று உண்மையாகவே கவலைப்பட்டார்.

புதன்கிழமை சாலையில் கணுக்கால் அளவு தண்ணீர். ஷேர் ஆட்டோ பாதி வழியில் இருமி நின்றது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து போனேன். பாயின் வீட்டிலிருந்து இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் வந்திருந்தன. பினாங்கில் சோற்றின் மேல் நாலைந்து குழம்பைக் கலந்து ஊற்றிச் சாப்பிட்டுப் பழகியவளுக்கு, ஒரே குழம்பில் இத்தனை ருசியா என்று இருந்தது. ஆனால் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. குழிகள் கண்ணுக்குள்ளேயே இருந்தன.

நான் சாப்பிடாமல் இருப்பதைப் பார்த்த தேவா எழுந்து போய் ஒரு வெள்ளைக் கைக்குட்டை எடுத்து வந்தார். காற்று வீசும் வாய்க்கு முன்னால் அதைப் பிடித்து, கம்ப்ரசரைத் திறந்துவிட்டு, நூறு எண்ணினார். பிறகு துணியை வெளிச்சத்தில் காட்டினார். நடுவில் பழுப்பாக ஒரு கறை.

"எண்ணெ மேடம். கம்ப்ரசரு எண்ணெயத் துப்புது. பசைக்கு இது ஒண்ணும் பண்ணாது. உங்க மை ரொம்ப ரோசக்காரி போல."

ஒன்றரை நாள் நான் இரசாயனத்தைச் சந்தேகித்தேன். அவருக்கு ஒரு கைக்குட்டை போதுமாக இருந்தது. வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன. எண்ணெயில்லாத உலர்ந்த காற்றுக்கு எங்கே போவது என்றேன். பாய் யோசிக்கவே இல்லை. ஜி.எஸ்.டி. சாலையில் டயருக்கு நைட்ரஜன் நிரப்பும் கடைக்காரர் அவருக்குத் தெரிந்தவராம். அவர் மூலமாக நாலு நைட்ரஜன் சிலிண்டர் மாலைக்குள் மழையில் நனைந்துகொண்டு வந்து இறங்கின. அன்றைக்குத்தான் பாயாவை முழுசாகச் சாப்பிட்டேன், ஆறிப்போனதை.

வியாழன் மதியம் இரண்டாவது புட்டியை ஏற்றினோம். கடைசிப் புட்டி. தேவா சுருளின் இழுவையைப் பார்த்துக்கொண்டார், நான் மையின் ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டேன். மஞ்சளாக இறங்கிய ஈரப் பூச்சு நைட்ரஜன் காற்றுக்கு அடியில் போய், மறுபக்கம் கறுப்பாக வெளியே வந்தது. குழி இல்லை, கோடு இல்லை. குனிந்து பார்த்தால் என் முகம் தெரிந்தது. முகமூடி போட்ட, மூக்குக்கண்ணாடி போட்ட, ஐம்பதை நெருங்கும் முகம். ஒன்பது வருடத்தில் அந்தக் கறுப்பை நகமளவுக்கு மேல் நான் பார்த்ததில்லை. இப்போது அது ஓடிக்கொண்டே இருந்தது.

"வந்துடுச்சி மேடம்!" என்றார் தேவா.

கூடாரத்துக்குள் கைப்பேசிக்குச் சிக்னல் கிடையாது. "நீங்க ஓட்டிக்கிட்டே இருங்க தேவா, இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டி, தெருமுனைக்கு ஓடினேன். லிம்மைக் கூப்பிட்டேன். உள்ளங்கை என்றீர்களே, மீட்டர் கணக்கில் வருகிறது என்றேன். எத்தனை மீட்டர் என்று அவர் இரண்டு தடவை கேட்டார். பிறகு, "நீங்கள் அழுகிறீர்களா?" என்று கேட்டார். "மழை" என்றேன். இருபது நிமிடம் பேசினோம். வாழ்க்கையில் அப்படியொரு இருபது நிமிடத்தை நான் பேசியதில்லை.

இப்போது யோசித்தால் அந்த இருபது நிமிடத்தைத்தான் நறுக்கி எறியத் தோன்றுகிறது.

குகையின் சூட்டோடு என் படிகம் முழுசாக வெந்துவிடாது. வெளியே வந்ததும் துண்டு துண்டாக வெட்டி, தட்டையாக வைத்து, இன்னொரு தடவை நன்றாகச் சூடாக்க வேண்டும். அதுவரை அதன் மேல் எதுவும் படக்கூடாது. எங்கள் ஆய்வகத்தில் இதை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சுவாசிப்பதுபோல எல்லாருக்கும் தெரியும். தேவாவுக்கும் ஒன்று சுவாசிப்பதுபோலத் தெரியும்: பூசிய சுருளைத் திறந்தபடி விடக்கூடாது, தூசி விழும், சூட்டோடு சூடாக, காற்றுப் புகாமல் இறுக்கிச் சுற்றினால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். அவர் வேலையை முடித்திருந்தார்.

நான் உள்ளே போனபோது மேசை மேல் ஒரு சுருள் நின்றது. செய்தித்தாளில் அழகாகச் சுற்றி, டேப் ஒட்டி, மேலே பேனாவால் 'பினாங்கு மேடம்' என்று எழுதியிருந்தது.

"டைட்டா சுத்தியிருக்கேன் மேடம். ஒரு பொட்டுத் தூசி இருக்காது."

நான் டேப்பை அறுத்துப் பிரித்தேன். சர்ரென்று ஒரு சத்தம். கறுப்பெல்லாம் கழன்று மேல் சுற்றின் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்தது. அடியில் அங்கங்கே சாம்பல் நிறத் திட்டு. இன்னொரு சுற்றுப் பிரித்தேன். அதுவும். கடைசிவரை பிரித்துப் பார்த்தேன். முழுச் சுருளிலும் உள்ளங்கை அளவு என்ன, நகமளவுகூட உருப்படியாக இல்லை.

தேவாவுக்கு என்ன நடந்தது என்று புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் அவர் முகம் சுண்டிப்போனது. "நீங்க சொல்லலியே மேடம்" என்றார், குற்றம்சாட்டி அல்ல, கெஞ்சுவதுபோல.

"ஆமாம், நான் சொல்லவில்லை" என்றேன். அது உண்மை. அவர் மேல் கோபப்பட்டிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கோபப்பட ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

தாம்பரம் நிலையத்தில் எந்த நடைமேடையில் ஏறினேன் என்று கவனிக்கவில்லை. ரயில் கடற்கரைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. குரோம்பேட்டை தாண்டிய பிறகுதான் பக்கத்தில் நின்ற பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எங்க போவணும்க்கா?" என்றாள். ஊரப்பாக்கம் என்றேன். "அய்யோ, அது அந்தாண்ட. இறங்கி மாறிக்கங்க. ஒண்ணும் இல்ல, அழாதீங்க, இன்னும் வண்டி கீது" என்றாள். வண்டி தவறியதற்காக அழுகிறேன் என்று நினைத்துவிட்டாள். நல்ல பெண். பல்லாவரத்தில் இறங்கி, படியேறி, எதிர் நடைமேடைக்குப் போய், கூட்டத்தில் நசுங்கி அறைக்கு வந்து சேர்ந்தேன். லிம்முக்குச் செய்தி அனுப்பக் கை வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஸ்லாட் டையைக் கழற்றிக்கொள்ளப் பட்டறைக்குப் போனேன். பாய் ஜும்மாவுக்குக் கிளம்பியிருந்தார். தேவா மட்டும் எஃகைத் துடைத்து, எண்ணெய் போட்டு, துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவள், ஏனென்று தெரியாமல், வாசல் நிலையை அண்ணாந்து பார்த்தேன்.

சிவப்புப் பட்டைக்குப் பக்கத்தில், இரும்புச் சட்டத்தில், கறுப்பாக ஒரு மீட்டர்.

"தேவா, இது என்ன?"

"மொதத் துண்டு மேடம். நீங்க போன் பண்ணப் போனீங்க இல்ல, அப்பவே அறுத்து ஒட்டிட்டேன். ஈரக்காத்து அடிக்குதேன்னு மேல டிரான்ஸ்பரன்ட் டேப்பு போட்டேன். அதுக்கு மின்னாடி ஹீட் கன்னுல நல்லா சூடு காட்டினேன், சட்டத்துல புடிக்கணுமேன்னு."

பெட்டியைத் தரையில் வைத்துவிட்டேன். சூடு காட்டியிருக்கிறார். மீட்டர் மீட்டராக வந்ததில் அந்த ஒரு துண்டுக்கு மட்டும்தான் வேண்டிய சூடு கிடைத்திருக்கிறது. அதன் மேல் டேப்பும் ஒட்டியிருக்கிறார். ஒரு நாள் முழுக்க மழைக்காற்றில் இருந்தும் ஓரத்தில் மட்டும் நூலளவு மஞ்சள். மற்றதெல்லாம் அதே கறுப்பு. ஏணியில் ஏறிப் பார்த்தேன். என் முகம் தெரிந்தது.

ஒரு மூலையில் பிளேடை விட்டு டேப்பை மெதுவாகத் தூக்கினேன். கறுப்பு டேப்போடு வந்துவிட்டது. இன்னொரு மூலை. அங்கேயும் அப்படித்தான். அடிப்பக்கம் சட்டத்தைவிட்டு அசையவே இல்லை. அந்தப் பட்டறையின் ஆகச் சிறந்த பசை அது. மேல் டேப்பை எடுத்தால் பூச்சு போகும், எடுக்காவிட்டால் அதன் மேல் அடுத்த அடுக்கைப் பூச முடியாது, மின்முனை வைக்க முடியாது. அப்படியே வைத்துப் பார்க்கலாம், அவ்வளவுதான். பிளேடைக் கீழே போட்டேன்.

தொழுகை முடிந்து தொப்பியோடு வந்த பாய் விஷயத்தைக் கேட்டார். "அவ்ளோதானே? சட்டத்தையே அறுத்துத் தர்றேன் தங்கச்சி. கதவு வேற போட்டுக்கலாம்" என்று கட்டர் எடுக்கக் கிளம்பிவிட்டார். வேண்டாம், அதனால் பயனில்லை என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் நான் இரண்டு தடவை உடைந்துபோனேன். ஒருவர் நமக்காகத் தன் வாசலையே பெயர்க்கத் தயாராக நிற்கும்போது, அதுவும் போதாது என்று சொல்ல வேண்டியிருப்பது பெரிய கொடுமை.

"டேப்பு போட்டிருக்கக் கூடாது, இல்ல மேடம்?" என்றார் தேவா.

"போடாவிட்டால் இந்நேரம் மொத்தமும் மஞ்சளாகியிருக்கும். நீங்கள் போட்டதால்தான் இருக்கிறது." அதில் ஈயம் இருக்கிறது, விஷம், டேப்பை யாரும் பிரிக்காதீர்கள் என்று மட்டும் சொன்னேன். "யாரு கை வைப்பா?" என்றார் அவர்.

சனிக்கிழமை பெட்டியோடு ஊர் திரும்பினேன். இந்தத் தடவை அதை மடியில் வைத்துக்கொள்ளவில்லை. லிம்மிடம் வாசல் பட்டையின் படத்தைக் காட்டினேன். பெரிதாக்கி, நெடுநேரம் பார்த்தார். "அழகாக இருக்கிறது" என்றார். பிறகு, "படத்தை வைத்து நான் என்ன செய்வது?" என்றார். இரண்டு கேள்வியும் நியாயமானவை என்பதுபோல நானும் தலையாட்டினேன், முதலாவது கேள்வியே இல்லை என்றாலும்.

ஆய்வக அறையைக் காலி செய்ய ஆரம்பித்தோம். அதற்குப் பிறகும் ஒவ்வொரு காலையும் தேவாவிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் வரும். எழுத்து இருக்காது. வாசல் நிலை, வரிசையில் கடைசிப் பட்டை. மஞ்சள் இரண்டு ஓரத்திலிருந்தும் உள்ளே வந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்த்துவிட்டுத்தான் பல் தேய்ப்பேன். ஒரு நாள் முக்கால் கறுப்பு, ஒரு நாள் பாதி.

சுழற்றும் இயந்திரங்களை அட்டைப்பெட்டியில் போட்டு டேப் ஒட்டிய அன்று, முதல் முறையாகக் குரல் பதிவு வந்தது. "மேடம், இன்னும் உங்க உள்ளங்கை அளவுக்குக் கறுப்பா கீது. கைய வச்சி அளந்து பாத்தேன், டேப்பு மேலதான், பயப்படாதீங்க." காலி அறையில் நின்றபடி அதை நாலு தடவை கேட்டேன். லிம் கேட்ட அளவு. கேட்ட அதே அளவு.

இன்று காலை வந்த படத்தில் பட்டை முழுக்க மஞ்சள். கீழே அவர் எழுதியிருந்தார்: "மஞ்சளாயிடுச்சி மேடம். பாய் புதுசா பெயின்ட் அடிக்கணும், எல்லாத்தையும் கயட்டுன்னாரு. உங்களுத மட்டும் கயட்டல. ரெண்டாவது தபா வேலை வந்தாத்தான் எடுக்கணும்னு சொல்லிட்டேன். எப்ப வர்றீங்க?"

மாலையாகிவிட்டது. அந்த அறையில் இப்போது வேறு யாரோ வேலை செய்கிறார்கள் என்று நான் அவருக்கு இன்னும் சொல்லவில்லை.